கறுப்புக் காரின் சுழல் கீறல்கள்: மெக்வையர்ஸ் பாலிஷும் காம்பவுண்டும், வீட்டில் செய்து பார்த்த மதிப்புரை

மெக்வையர்ஸ் நிறுவனத்தின் அல்டிமேட் காம்பவுண்டு, அல்டிமேட் பாலிஷ் ஆகிய இரண்டு தேய்ப்புத் திரவங்களையும் கொண்டு, ஏழு வயதான கறுப்பு நிற செடான் ஒன்றின் பெயிண்டில் விழுந்திருந்த சுழல் கீறல்களை அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கிலேயே நீக்கிப் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது. வாங்கலாமா என்று மட்டும் கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் துடைப்பதால் விழும் கீறல்கள்தான் உங்கள் பிரச்சினை என்றால், பாலிஷையும், அதைத் தேய்க்க உதவும் டூயல் ஆக்ஷன் எந்திரம் ஒன்றையும் முதலில் வாங்குங்கள். காம்பவுண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலரும் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வீரியம் கூடிய காம்பவுண்டை வாங்கி, எந்திரம் இல்லாமல் கையால் தேய்த்துவிட்டு, பாட்டில் சரியில்லை என்று முடிவு கட்டுகிறார்கள்.

சுழல் கீறல்கள் என்றாலும் அவை உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. எவர்சில்வர் தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி நார் தேய்த்த கோடுகள் வளையம் வளையமாகத் தெரியும் அல்லவா, காரின் பானெட்டிலும் நடப்பது அதுதான். கீறல்கள் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவற்றுள் ஒளியை நம் கண்ணை நோக்கித் திருப்பும் கோணத்தில் அமைந்தவை மட்டும் பளிச்சிடுவதால், கண் அவற்றைக் கோத்து வட்டமாகப் பார்க்கிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். ஆகவே உங்கள் காரில் கீறல் எவ்வளவு என்பதை நிழலில் பார்த்து முடிவு செய்ய முடியாது. நேர் வெயிலிலோ, இருட்டில் ஒற்றை எல்இடி டார்ச்சின் ஒளியிலோதான் அது முழுதாகத் தெரியும். வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல்கள் உண்டு. பின்னணி வெளிச்சமாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இவை எங்கிருந்து வருகின்றன என்பதற்கு நம் ஊரில் தேட வேண்டியதே இல்லை. காலை ஆறு மணிக்கு ஒரு வாளி தண்ணீரும் ஒரு துணியுமாக வரும் துடைப்பவர், அதே தண்ணீரில் பத்துக் கார்களைத் துடைத்து முடிக்கிறார். முதல் காரின் மண் கடைசிக் காரின் மேல் உரசுகிறது. துணியோ பெரும்பாலும் பனியன் வேஸ்ட் அல்லது பழைய துண்டு. அது ஈரமாக இருந்தாலும், இரவு முழுவதும் படிந்த புழுதியைக் கழுவி விடாமல் நேராகத் தேய்ப்பது மணலைக் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். நீளமான நூல்கள் கொண்ட தூசி தட்டும் பிரஷ் இன்னும் மோசமானது, ஏனெனில் அதில் ஈரமும் கிடையாது. இதை அவர்கள் மீது குற்றமாகச் சொல்லவில்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு, ஒரு காருக்கு ஐந்து நிமிடம் என்று வேலை வாங்கினால் வேறு எப்படிச் செய்ய முடியும்?

பெயிண்டின் கட்டமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பாலிஷையும் தொடக் கூடாது. இன்றைய கார்களில் உலோகத்தின் மேல் ப்ரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசியிருப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் இவை எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். அதாவது, அதிகபட்சமாகப் பார்த்தாலும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த மெல்லிய படலமே. சுழல் கீறல்கள் இதன் மேற்பரப்பில் இருக்கின்றன. அவற்றை நீக்குவது என்பது, கீறலின் அடி மட்டத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குவது. தேய்த்தது திரும்ப வராது. ஆகையால் எவ்வளவு குறைவாகத் தேய்த்து எவ்வளவு பலன் பெறுகிறோம் என்பதை வைத்துத்தான் இந்தப் பாட்டில்களை மதிப்பிட வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

மெக்வையர்ஸ் அமெரிக்க நிறுவனம். 1901-ல் மரச்சாமான்களுக்கான பாலிஷ் தயாரிப்பில் தொடங்கி, பிறகு கார்களுக்கு மாறியது. 2008-ல் 3எம் நிறுவனம் இதை வாங்கிக்கொண்டது. அல்டிமேட் காம்பவுண்டு 450 மில்லி பாட்டிலிலும் அல்டிமேட் பாலிஷ் 473 மில்லி பாட்டிலிலும் வருகின்றன. இரண்டுமே சாதாரண வீட்டு உபயோகிப்பாளருக்காக விற்கப்படுபவை. இதே நிறுவனம் தொழில்முறை டீட்டெய்லர்களுக்கென்று, அதாவது கார்களை மெருகேற்றுவதையே தொழிலாகச் செய்பவர்களுக்கென்று, விற்கும் 105, 205 எண் கொண்டவை தனி வரிசை. நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் பயன்படும் பழைய பாணி ரப்பிங் காம்பவுண்டுக்கும் இவற்றுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. பழைய வகையில் உராய்வுத் துகள்கள் பெரிதாகத் தொடங்கி, தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகும். அவை முழுவதும் உடையும் வரை தேய்க்காமல் விட்டால் அவையே புதிய கீறல்களை விட்டுச் செல்லும். மெக்வையர்ஸ் பயன்படுத்துபவை தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவில் இருக்கும் மிக நுண்ணிய துகள்கள். ஆகவே எவ்வளவு வெட்ட வேண்டும், அதாவது கிளியர் கோட்டை எவ்வளவு தேய்த்தெடுக்க வேண்டும் என்பதைத் திரவம் மட்டும் தீர்மானிப்பதில்லை; எந்திரத்தில் ஒட்டித் தேய்க்கும் மெத்தையான பேடும், அழுத்தமும், எந்திரத்தின் வேகமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பாட்டிலை மட்டும் வாங்கியவர் ஏமாறுவதும், அதே பாட்டிலை எந்திரத்தோடு பயன்படுத்தியவர் வியப்பதும் இதனால்தான்.

பாலிஷ் உண்மையிலேயே கீறலை நீக்குகிறதா, அல்லது மறைக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. கீறல் விழுந்த இடத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவினாலும் கீறல் காணாமல் போகும். காற்றைவிட எண்ணெயின் ஒளிவிலகல் எண் கிளியர் கோட்டின் எண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், பள்ளத்தை எண்ணெய் நிரப்பியதும் ஒளி அங்கே சிதறுவதில்லை. இரண்டு முறை ஷாம்பூ போட்டால் எண்ணெய் போய்விடும், கீறல் திரும்பிவிடும். வாட்டர் வாஷ் கடைகளிலும் சர்வீஸ் சென்டர்களிலும் டெஃப்லான் கோட்டிங் என்ற பெயரில் செய்யப்படும் பல வேலைகள் இந்த வகையைச் சேர்ந்தவையே. டெஃப்லான் எனப்படும் பொருளின் உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ். காரின் மேல் துணியால் பூசினால் அது பெயிண்டோடு உருகி ஒட்டும் வாய்ப்பே இல்லை. அங்கே பளபளப்பைத் தருவது கூட இருக்கும் மெழுகும் சிலிக்கோனும். அல்டிமேட் பாலிஷிலும் எண்ணெய்கள் தாராளமாக இருக்கின்றன. அதனால் வேலை முடிந்தவுடன் தெரியும் பளபளப்பை நம்பாமல், எண்ணெயைத் துடைத்தெடுத்த பிறகே முடிவைப் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மூன்று பங்கு சேர்த்து, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டால் போதுமானது. நான் சொல்லும் பலன்கள் எல்லாம் இந்தக் கலவையால் துடைத்த பிறகு டார்ச் ஒளியில் பார்த்தவை.

எந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பணம் போகும் இடமும் அதுதான், பலன் வரும் இடமும் அதுதான். பாலிஷ் எந்திரங்களில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கின்றன. ரோட்டரி என்பது ஒரே அச்சில் சுழல்வது. வேகமாக வெட்டும், ஒரே இடத்தில் வெப்பத்தைக் குவிக்கும், பழக்கமில்லாத கையில் ஓரங்களின் பெயிண்டை உரித்துவிடும். வெயிலில் பார்த்தால் பானெட்டில் தீ நாக்குப் போல நகரும் பட்டைகள் தெரிகின்றனவே, அவை ரோட்டரியும் கம்பளி பேடும் விட்டுச் சென்ற தடங்கள். டூயல் ஆக்ஷன் வகையில் பேட் சுழல்வதோடு ஒரு சிறு வட்டத்தில் ஊசலாடவும் செய்கிறது. ஒரே புள்ளியில் ஒரே திசையில் அது நிலைத்துத் தேய்ப்பதில்லை என்பதால் வெப்பம் பரவுகிறது, தடம் விழுவதும் அரிது. இந்த ஊசலாட்டத்தின் வீச்சு 8 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர், 21 மில்லிமீட்டர் என்று மாறுபடும். வீச்சு கூடினால் வேலை வேகமாக முடியும். ஆனால் 21 மில்லிமீட்டர் எந்திரம் வளைந்த பரப்புகளில் சுழற்சி நின்று வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும். ஒரே எந்திரம்தான் வாங்க முடியும் என்பவருக்கு 15 மில்லிமீட்டர் பொருத்தமானது என்பது என் கருத்து. இத்தாலியின் ரூபெஸ் போன்ற பெயர்பெற்ற எந்திரங்கள் தொழில் செய்பவர்களுக்கு உகந்தவை. ஆண்டுக்கு ஒரு முறை தன் காரை மட்டும் கவனிப்பவர் அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை.

இந்த வகையில் பேடின் சுழற்சி உராய்வைச் சார்ந்தது. எந்திரத்தை அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்று ஊசலாட்டம் மட்டும் மிஞ்சும், அப்போது வெட்டு ஏறத்தாழ இல்லாமல் போய்விடும். பேட் ஒட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், கோடு சுற்றுகிறதா நிற்கிறதா என்பது வேலையின் போதே கண்ணுக்குத் தெரியும். எந்திரத்தின் எடையும் அதற்கு மேல் கையின் லேசான அழுத்தமும் போதும். பேடுகளைப் பொறுத்தவரை, கடினமான ஃபோம் வெட்டுவதற்கு, நடுத்தர ஃபோம் பாலிஷுக்கு, மென்மையான ஃபோம் மெழுகுக்கு. நிறங்களை நம்பி வாங்க வேண்டாம்; ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு வெட்டுவதாக இருக்கும், இன்னொன்றின் ஆரஞ்சு மெழுகு பூசுவதாக இருக்கும். நடுத்தர ஃபோமில் குறைந்தது மூன்று பேடுகளாவது வேண்டும். ஒரே பேடை வைத்துக்கொண்டு முழுக் காரையும் முடிக்க நினைத்தால், தேய்த்தெடுத்த கிளியர் கோட்டும் காய்ந்த பாலிஷும் அதில் ஏறி, வெட்டு மந்தமாகி, பேடும் சூடேறிக் கிழியும்.

முன்னேற்பாட்டைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலில் இரண்டு வாளி முறையில் கழுவ வேண்டும்: ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் கையுறையை அலசும் வெறுந்தண்ணீர். நான் இருப்பது தாம்பரம் பக்கம், ரயில் பாதைக்கு அருகில். சக்கரங்களிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் நுண்ணிய இரும்புத் துகள்கள் பெயிண்டில் பதிந்து கை வைத்தால் சொரசொரப்பாக இருக்கும். இரும்பு நீக்கும் திரவத்தை அடித்தால் அவை ஊதா நிறமாகக் கசிந்து இறங்குவதைப் பார்க்கலாம். நாற்றம் கடுமை என்பதால் காற்றோட்டமான இடத்தில் அடிப்பது நல்லது. மிச்சத்தை க்ளே எனப்படும் களிமண் போன்ற கட்டியால் வழுவழுப்பான ஷாம்பூத் தண்ணீரோடு தடவி எடுக்க வேண்டும். க்ளேயே கறுப்புப் பெயிண்டில் மங்கலான உராய்வை விடும் என்பதால், பாலிஷ் போடப் போவதில்லை என்றால் க்ளேயைத் தொடாமல் இருப்பதே மேல். கதவு விளிம்பு, கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள், ரப்பர் பீடிங், பாடியின் கூர்மையான மடிப்புகள் ஆகியவற்றுக்கு மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். மடிப்புகளில் கிளியர் கோட் இயல்பாகவே மெலிந்திருக்கும். பெயிண்ட் உரிந்துபோன கார்களில் உரிந்த இடம் பெரும்பாலும் அந்த மடிப்பாகத்தான் இருக்கும்.

இனி பாலிஷ். டிக்கி மூடியில் இரண்டடிக்கு இரண்டடிச் சதுரத்தைத் தேர்ந்து, நடுத்தர ஃபோம் பேடில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு அல்டிமேட் பாலிஷை வைத்து, எந்திரத்தை இயக்காமல் முதலில் ஒற்றிப் பரப்பி, பிறகு குறைந்த வேகத்தில் ஒரு சுற்று விட்டு, ஐந்தாம் எண் வேகத்தில் வலமிருந்து இடமாகவும் மேலிருந்து கீழாகவும் மாறி மாறி, நொடிக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் நிதானமாக நகர்த்தினேன். இந்த நிதானம் பழகுவதற்குக் கடினமானது. கை தானாகவே வேகமெடுக்கும். பாலிஷ் மெல்லிய கண்ணாடிப் படலமாகும் வரை தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ஆல்கஹால் கலவையை அடித்துப் பார்த்தபோது, துடைப்பால் விழுந்த வலை போன்ற கீறல்களில் பெரும்பகுதி போயிருந்தது. டார்ச்சின் பிம்பத்தைச் சுற்றி இருந்த வளையங்களின் இடத்தில் ஒளியின் புள்ளி மட்டும் தெளிவாக நின்றது; தனித்தனியாகச் சில ஆழமான கோடுகள் மிஞ்சியிருந்தன. கறுப்பு நிறத்தின் ஆழம் திரும்பி வந்திருந்ததை டார்ச் இல்லாமலேயே பார்க்க முடிந்தது. கூரை, டிக்கி, நான்கு கதவுகள், பின் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பாட்டிலே போதுமானதாக இருந்தது. முழுக் காருக்கும் செலவான பிறகும் பாதிக்கு மேல் மீதம் இருக்கிறது.

பாலிஷின் நற்குணமாக நான் கருதுவது, அது சீக்கிரம் காய்ந்து இறுகுவதில்லை என்பது. சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில், நிழலில், துடைத்தெடுக்கத் துணியை அழுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. தூசியும் மிகக் குறைவு. வெயிலில் நின்று சூடேறிய பானெட்டின் மீது எந்தப் பாலிஷையும் போடக் கூடாது என்பது பொதுவிதி. சித்திரை, வைகாசியில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் விடியற்காலையில் தொடங்கி, தகடு கைக்குச் சுடத் தொடங்கும் முன் நிறுத்திவிட வேண்டும். மூடிய பார்க்கிங் இல்லாதவர்கள் கார்த்திகை, மார்கழி வரை காத்திருப்பதில் தவறில்லை.

காம்பவுண்டு எனக்குத் தேவைப்பட்டது பானெட்டிலும், ஓட்டுநர் பக்கக் கதவுக் கைப்பிடியின் குழிவிலும் மட்டுமே. பானெட்டில் தினசரித் துடைப்பின் அழுத்தம் அதிகமாக விழுந்திருந்தது. கூடவே போர் தண்ணீரின் உப்பு காய்ந்து விட்ட வட்டங்களும் இருந்தன. அல்டிமேட் காம்பவுண்டை அதே நடுத்தர ஃபோமில் போட்டபோது ஆழமான கோடுகளும் உப்பு வட்டங்களில் பெரும்பாலானவையும் நீங்கின. கடினமான வெட்டு பேடுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. இதன் வெட்டும் திறனுக்கு ஒப்பிட்டால் அது விட்டுச் செல்லும் மங்கல் வியக்கத்தக்க அளவு குறைவு. வெள்ளை, வெள்ளி நிறக் கார் வைத்திருப்பவர் காம்பவுண்டோடு நிறுத்திக்கொண்டாலும் குறை தெரியாது. கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு போன்றவற்றில் நேர் வெயிலில் ஒரு மெல்லிய புகை போன்ற மங்கல் தெரியும் என்பதால் அதன் மேல் பாலிஷையும் ஒரு சுற்று விட வேண்டும். கைப்பிடிக் குழிவில் விழுவது நகக் கீறல். அங்கே எந்திரம் நுழையாது, விரலில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றிக்கொண்டு காம்பவுண்டால்தான் தேய்க்க வேண்டும். சிறு பரப்பு என்பதால் அது கையாலேயே நன்றாகப் போகிறது.

ஆனால் முழுக் காரையும் கையால் செய்யலாமா என்றால், செய்யலாம், செய்யாதீர்கள் என்பதே என் பதில். பாட்டிலின் மேல் கையாலும் பயன்படுத்தலாம் என்று எழுதியிருப்பது பொய்யல்ல. கையின் விரல்கள் தரும் அழுத்தம் ஒரே சீராக இருக்காது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான ஊசலாட்டங்களைக் கை தர முடியாது. எவ்வளவு தேய்த்தாலும் சுழல் கீறல்கள் குறையுமே தவிர தீராது. ஒரு முன் பக்கப் பேனலில் பாதியைக் கையாலும் பாதியை எந்திரத்தாலும் செய்து ஒப்பிட்டேன். ஆல்கஹால் போட்ட பிறகு கையால் செய்த பாதியில் வளையங்கள் மங்கியிருந்தன, மறையவில்லை. தோள்வலி தனி. எந்திரம் வாங்கும் எண்ணமே இல்லாதவர், ஒன்றிரண்டு இடங்களில் கிளை உரசியது, சாவி பட்டது போன்ற மேலோட்டமான கீறல்களுக்கு மட்டும் காம்பவுண்டை வாங்கிக் கையால் தேய்த்துக்கொள்ளட்டும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டும் அளவு ஆழமான கீறலை எந்தக் காம்பவுண்டும் தீர்க்காது; அதற்கு டச்அப் பெயிண்டோ டிங்கரிங் கடையோதான் வழி. பல் துலக்கும் பேஸ்ட்டைத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பற்றி ஒரு வரி போதும்: அதிலும் உராய்வுத் துகள் உண்டு, ஆனால் அது பல்லுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் உலோகத் தகட்டைப் போல வெப்பத்தைக் கடத்தாது. ஒரே இடத்தில் எந்திரத்தை நிறுத்தினால் பெயிண்ட் இளகும். பெயிண்ட் தடிமனை அளக்கும் சாதாரணக் கருவி உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும் என்பதால், பம்பரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லவும் முடியாது. பழைய கார் வாங்கியவர்கள் ஏதாவது பேனல் மறுபெயிண்ட் ஆனதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். கடையில் அடித்த கிளியர் கோட் மென்மையாகவும் சீரற்றும் இருக்கக்கூடும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துக் கார்களில் கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு இருந்தால், வெள்ளைத் துணியில் பாலிஷைத் தொட்டுத் தேய்த்தவுடன் காரின் நிறம் துணியில் இறங்கும். அது பயப்பட வேண்டிய விஷயமல்ல. ஆனால் தேய்வது நிறமே என்பதை நினைவில் கொண்டு நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயிண்டின் மீது இந்த இரண்டையும் தொடவே கூடாது.

குடியிருப்பில் இதைச் செய்வதற்கு உள்ள நடைமுறைச் சிக்கல்களையும் குறிப்பிடுவது பொருத்தம். பொதுப் பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் கிடையாது. இருந்தாலும் அது பொது மீட்டரில் ஓடும், அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நட்புக்கு நல்லது. தடிமனான எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டும். அதைத் தோளின் மேல் போட்டுக்கொண்டு வேலை செய்தால் பெயிண்டில் உரசாது. கழுவும்போது நனைந்த தரை முழுவதும் காய்ந்த பிறகே எந்திரத்தை எடுக்க வேண்டும். டூயல் ஆக்ஷன் எந்திரத்தின் ஓசை மிக்ஸியின் ஓசையை ஒத்தது என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியத்தைத் தவிர்ப்பது உத்தமம். ஒரு கதவுக்கு அரை மணி நேரம் குறைந்தபட்சம் ஆகும். முழுக் காரையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல் பேனல் பேனலாகப் பிரித்துக்கொண்டால் கடைசிப் பேனலிலும் கவனம் இருக்கும்.

பாலிஷ் முடிந்த பெயிண்ட் பாதுகாப்பில்லாமல் வெறுமையாக இருக்கும். அதன் மேல் மெழுகோ, சீலண்ட் எனப்படும் செயற்கைப் பாதுகாப்புப் பூச்சோ பூச வேண்டும். செராமிக் கோட்டிங் போட நினைப்பவர்களுக்கும் அது இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான். கீறல்களை நீக்காமல் செராமிக் போட்டால், கீறல்களுக்கு மேல் கண்ணாடி போட்டு வைத்ததாகிவிடும். செராமிக் இருந்தால் கீறலே விழாது என்று கடைகளில் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். அது தண்ணீரை உருட்டி விடும், அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும். மண்ணோடு துணியைத் தேய்த்தால் அதிலும் கீறல் விழும்.

ஆகவே இந்தச் செலவு வீணாகாமல் இருக்க வேண்டும் என்றால் துடைக்கும் முறை மாற வேண்டும். எங்கள் காரைத் துடைப்பவரிடம் பேசி, தினமும் துடைப்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியை இறக்கிவிட்டு, நான் வாங்கிக் கொடுத்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடைக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டேன், சம்பளம் பழையதே. மற்ற நாட்களில் கண்ணாடிகளை மட்டும் துடைக்கிறார். இரண்டு வாளியும் தனித் துணியும் கொடுக்காமல் கவனமாகத் துடையுங்கள் என்று சொல்வதில் பயன் இல்லை. அந்தத் துணிகளைக் கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கியில் ஊற வைக்கக் கூடாது. இழைகளில் படலம் ஏறி, அழுக்கை உள்வாங்கும் தன்மை போய்விடும்.

விலையைப் பொறுத்தவரை, இரண்டு பாட்டில்களின் விலை மட்டும் என்றால் டீட்டெய்லிங் கடையில் ஒரு முறை பாலிஷ் போடும் கூலியைவிடக் குறைவு. எந்திரம், பேடுகள், துணிகள், க்ளே, டேப் எல்லாவற்றையும் சேர்த்தால் முதல் முறை அந்தக் கூலியை எட்டிவிடும் அல்லது தாண்டும். இரண்டாவது காருக்கோ, மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு லேசான சுற்றுக்கோ பாலிஷ் மட்டும் போதும் என்பதால் கணக்கு அப்போது சரியாகிறது. நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எந்திரத்தைப் பொதுவில் வாங்கி, பேடுகளை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. எந்திரம் கையில் உள்ளவர் முதலில் 473 மில்லி அல்டிமேட் பாலிஷை வாங்கி, டிக்கி மூடியில் ஒரு சதுரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் கீறல் கண்ணை உறுத்தினால் மட்டும் காம்பவுண்டுக்கு ஆர்டர் கொடுக்கலாம். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் மூடியின் சீலையும் தயாரிப்புத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், குறிப்பாகக் காம்பவுண்டை. துகள்கள் அடியில் தங்கியிருந்தால் முதல் சில சொட்டுகளில் எண்ணெய் மட்டுமே வரும்.